பாறை குடிக்கும் நீர்: காந்த அளவீடு எதை நிறுவுகிறது?

மேற்கு டெக்சாஸின் ஸ்பிராபெரி எண்ணெய்ப் பகுதி 1940களின் இறுதியில் உற்பத்திக்கு வந்தபோது பொறியாளர்களைத் திணறடித்தது. பாறைக்குள் எண்ணெய் ஏராளமாக இருந்தது. ஆனால் வெளியே வரவில்லை. அங்குள்ள மணற்கல்லின் ஊடுருவுதிறன் பெரும்பாலும் ஒரு மில்லிடார்சிக்கும் கீழே. பாறையைப் பிளந்து நின்ற இயற்கை விரிசல்கள் வழியாகத்தான் எண்ணெய் கிணற்றுக்கு வந்தது. விரிசல்கள் வடிந்ததும் கிணறுகள் ஓய்ந்தன. 1952-இல் பிரவுன்ஸ்கோம், டைஸ் என்ற இருவர் ஒரு வழியை முன்வைத்தனர். விரிசலுக்குள் நீரை விட்டால் பாறை அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போகும் நீருக்கு ஈடாக எண்ணெய் விரிசலுக்குள் வந்து சேரும். பாறையின் நுண்புழை விசையே இங்கே பம்பு. அந்த யோசனைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, ஆனால் அதன் மையக் கேள்வி இன்றைக்குத்தான் கூர்மையாகியிருக்கிறது. ஷேல் பாறைகளைச் செயற்கையாகப் பிளக்கும் ஒவ்வொரு கிடைநிலைக் கிணற்றிலும் பத்தாயிரம் கனமீட்டருக்கு மேல் நீர் இறங்குவது சாதாரணம். பல கிணறுகளில் அதில் பாதிகூடத் திரும்புவதில்லை. சீனத்தின் ஓர்தோஸ் வடிநிலம் போன்ற இடங்களில், பிளந்தபின் கிணற்றைச் சில வாரங்கள் மூடிவைத்து நீரை ஊறவிட்டு, பிறகு திறக்கும் வழக்கம் உண்டு. எத்தனை நாள் மூடிவைப்பது என்பது நீர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழத்துக்கு, எந்தத் துளைகளுக்குள் போகிறது என்பதைப் பொறுத்தது.

இந்த மூன்றுக்கும் விடை தர ஒரு நூற்றாண்டாக மாதிரிகள் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றுள் எது சரி என்று தீர்த்துச்சொல்லும் கருவியாக அண்மைக்காலத்தில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, அதாவது என்எம்ஆர், முன்னுக்கு வந்திருக்கிறது. இந்தத் துறையின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: காந்தம் தரும் தகவலில் இரு பகுதிகள் உண்டு. நீர் எவ்வளவு, எங்கே என்பது ஒன்று. அது ஏறக்குறைய நேரடி அளவீடு. எந்த அளவுத் துளையில் என்பது மற்றொன்று; அது அளவீடே அன்று, பல அனுமானங்களின் மேல் ஏறி நின்று செய்யும் கணிப்பு. இரண்டாவதை முதலாவதைப் போலவே நம்பி, அதிலிருந்து துளை ஆரங்களைப் பெற்று, அவற்றை உறிஞ்சல் மாதிரிக்குள் இட்டு, மாதிரி பொருந்துகிறது என்று முடிப்பதே பெருவழக்கு. இந்த வரிசை தலைகீழாக வேண்டும்: மாதிரிதான் காந்தக் குறிப்பலையைக் கணித்துத் தர வேண்டும்.

முதலில் மாதிரிகள். மெல்லிய குழாயில் திரவம் ஏறும் தொலைவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது என்பதை பெல், கேமரன் இருவரும் 1906-லேயே கண்டார்கள். லூகாஸ் 1918-இலும் வாஷ்பர்ன் 1921-இலும் அதற்குச் சமன்பாடு தந்தார்கள். உள்ளே இழுப்பது நுண்புழை அழுத்தம், தடுப்பது பாகுத்தன்மை, குழாய் நிரம்ப நிரம்பத் தடுக்கும் நீளம் கூடுவதால் வேகம் குறைகிறது. இறுகிய பாறையின் அளவுகளை இதில் இட்டால் திகைப்பான எண்கள் வருகின்றன. 10 நானோமீட்டர் ஆரமுள்ள, முழுமையாக நனையும் குழாயில் நீரை இழுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 140 வளிமண்டலம். குழாயின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு மணி நேரத்தில் மூன்றரை சென்டிமீட்டர், ஒரு நாளில் பதினேழு சென்டிமீட்டர் நீர் முன்னேற வேண்டும். எந்த ஷேல் துண்டும் இப்படிக் குடிப்பதில்லை. பாறையில் நேர்க்குழாய்கள் கிடையாது. வளைந்து, குறுகி, விரிந்து, பாதியில் அடைபட்டுப் போகும் பாதைகளே உண்டு. ஹேண்டி 1960-இல் தனிக்குழாயை விட்டுவிட்டு, டார்சியின் விதியைக் கொண்டு வாயு நிறைந்த பாறைக்குள் நீர் ஒரே முகப்பாக முன்னேறுவதாக எடுத்துக்கொண்டார். உறிஞ்சிய பருமனின் வர்க்கம் நேரத்துக்கு நேர்விகிதம் என்ற அதே வடிவமே அவருக்கும் கிடைத்தது. மண்ணியலில் பிலிப் 1957-இல் வேறு வழியில் வந்து சேர்ந்ததும் இதே வர்க்கமூலத்துக்குத்தான். ஆக, மடக்கைத் தாளில் உறிஞ்சிய அளவை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சரிவு 0.5 வர வேண்டும்.

இறுகிய பாறைகளில் பல நேரம் வருவதில்லை. 2012-இல் ஹூ, யூயிங், டல்ட்ஸ் ஆகியோர் பார்னெட் ஷேல் உள்ளிட்ட பாறைகளை ஆராய்ந்து, சரிவு 0.26-ஐ ஒட்டி நிற்பதைக் காட்டி, துளைகள் ஒன்றோடொன்று அரிதாகவே இணைந்திருப்பதுதான் காரணம் என்றார்கள். கசிவுக் கோட்பாடு இணைப்பு அறுந்துபோகும் விளிம்பில் எதிர்பார்க்கும் எண்ணும் அதுவே. சீனத்தில் சை ஜியான்சாவும் யூவும் அதே குறைந்த சரிவை வேறு விதமாக விளக்கினர்: பாதைகளின் வளைவுக்குப் பகுவப் பரிமாணம் ஒன்றைக் கொடுத்தால், வளைவு கூடக்கூட அடுக்கு 0.5-க்குக் கீழே இறங்கும். களிமண் வீங்கிப் பாதையை நெரிக்கிறது, சிறைப்பட்ட காற்று எதிர்த்து அழுத்துகிறது, துளைச்சுவரின் நனையும் தன்மை மெல்ல மாறுகிறது என்று வேறு விளக்கங்களும் உண்டு. ஒவ்வொன்றிலும் சரிசெய்துகொள்ள ஓரிரு எண்கள் இருக்கின்றன. சரிசெய்தால் எல்லாமே தரவின் மேல் அழகாகப் படிகின்றன. ஐந்து வெவ்வேறு காரணங்கள் ஒரே கோட்டை வரையுமானால், அந்தக் கோட்டைப் பொருத்திக் காட்டுவதில் எந்த மாதிரிக்கும் பெருமை இல்லை.

கோடு என்பது பெரும்பாலும் எடைக் கோடு. பாறைத் துண்டை நீரில் தொங்கவிட்டு எடையை எழுதுவார்கள், அல்லது அவ்வப்போது வெளியே எடுத்துத் துடைத்து நிறுப்பார்கள். இது எளிய முறை. ஆனால் இறுகிய பாறைக்கு மிக முரடான முறை. 2.5 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள உருளையின் பருமன் சுமார் 12 மில்லிலிட்டர். துளைப்பங்கு 5 விழுக்காடு என்றால் அது குடிக்கக்கூடிய மொத்த நீரே 0.6 மில்லிலிட்டர்தான். துடைத்த பிறகும் வெளிப்புறத்தில் 50 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு ஈரம் ஒட்டியிருந்தால் அதுமட்டும் 0.15 மில்லிலிட்டர், மொத்தத்தில் கால்பங்கு. தொடக்க நிமிடங்களில் பாறை உண்மையில் குடித்ததைவிட அதன் தோலில் ஒட்டியது அதிகமாக இருக்கும். அந்தத் தொடக்கப் புள்ளிகள்தான் மடக்கைத் தாளில் சரிவைப் பெரிதும் தீர்மானிப்பவை. பிழை ஒருபுறம் இருக்கட்டும். எடை என்பது ஒரே ஒரு எண். நீர் மேற்பரப்பை ஒட்டித் தேங்கியதா, மெல்லிய இழையாக ஆழம்வரை ஓடியதா என்பதை எவ்வளவு துல்லியமான தராசும் சொல்லாது.

என்எம்ஆர் இந்த இடத்தில்தான் வருகிறது. ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு நுண்காந்தம். புறக் காந்தப்புலத்தில் அது டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சுழல்கிறது. அந்த அதிர்வெண்ணில் வானொலித் துடிப்பொன்றைக் கொடுத்துத் திருப்பிவிட்டால், எல்லா அணுக்கருக்களும் சிறிது நேரம் ஒத்திசைந்து சுழன்று, பிறகு சிதறுகின்றன. 1946-இல் பிளாக் குழுவும் பர்செல் குழுவும் தனித்தனியே கண்ட இந்த நிகழ்வுக்கு 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹான் 1950-இல் எதிரொலித் துடிப்பைக் கண்டார். கார், பர்செல் 1954-இலும் மெய்பூம், கில் 1958-இலும் அதைத் தொடராக்கிச் செம்மைப்படுத்தினர். இன்று பாறை ஆய்வகத்தில் அளப்பது அந்தத் தொடர்தான்: ஆயிரக்கணக்கான எதிரொலிகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுத் தாழ்ந்தவை. தொடரின் தொடக்க வீச்சு பாறைத் துண்டில் உள்ள ஹைட்ரஜனின் அளவு. அது தேயும் வேகம் டி2 என்ற தளர்வு நேரத்தைத் தருகிறது. தனி நீரில் டி2 இரண்டு மூன்று விநாடி. துளைக்குள் அடைபட்ட நீரிலோ, மூலக்கூறுகள் சுவரில் மோதி அங்குள்ள இரும்பு, மாங்கனீசு போன்றவற்றால் ஒத்திசைவை இழக்கின்றன. துளை சிறிதாக ஆக, மோதல் அதிகமாகி டி2 குறுகும். சுவரின் தளர்வுத்திறன் விநாடிக்கு 10 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குழாய்வடிவத் துளைக்கு டி2 50 மில்லிவிநாடி. 10 நானோமீட்டர் துளைக்கு அரை மில்லிவிநாடி. மணற்கற்களில் அசையும் நீருக்கும் அசையா நீருக்கும் எல்லையாக 33 மில்லிவிநாடியை வைப்பது கிணற்றளவீட்டாரின் நெடுநாள் மரபு. இறுகிய பாறையில் உறிஞ்சல் நாடகம் முழுவதும் அந்த எல்லைக்குக் கீழே, 'அசையா நீர்' என்று ஒதுக்கிய பகுதியில்தான் நடக்கிறது என்பது இத்துறையின் வேடிக்கைகளுள் ஒன்று.

வீச்சின் பயன் உடனே தெரியும். தோலில் ஒட்டிய ஈரப்படலம் தடிமனாக இருப்பதால் நீண்ட டி2 காட்டும். துளைக்குள் போன நீரோ குறுகிய டி2. இரண்டையும் பிரித்துவிடலாம். எண்ணெய், நீர் இரண்டிலும் ஹைட்ரஜன் இருப்பது சிக்கல்தான், அதற்கும் வழி உண்டு. நீருக்குப் பதில் கனநீரை விட்டால் டியூட்டீரியம் வேறு அதிர்வெண்ணில் ஒத்ததிர்வதால் நீர் மறைந்து எண்ணெய் மட்டும் தெரியும். ஃபுளூரின் ஏறிய எண்ணெயை வைத்தால் எண்ணெய் மறைந்து நீர் தெரியும். நீரில் மாங்கனீசு குளோரைடைக் கரைத்தால் நீரின் குறிப்பலை மிகக் குறுகி ஒதுங்கிவிடும். காந்தப்புலத்தைத் துண்டின் நீளவாட்டில் சற்றுச் சரித்தால், நீர் எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் கிடைக்கும். இது புதிதன்று. 1979-இல் கம்மர்சன், ஹால், ஹாஃப் முதலியோர் நுண்துளைக் கட்டடப்பொருள்களுக்குள் நீர் புகுவதை நேச்சர் இதழில் இவ்வாறு படம்பிடித்துக் காட்டினார்கள். வெவ்வேறு நேரங்களில் எடுத்த நீர்ப்பரவல் கோடுகளை, தொலைவை நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து வரைந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று படியுமா என்பதே கோட்பாட்டுக்கு வைக்கத்தக்க சோதனை. எண்ணெய்த் துறை இத்தகைய சோதனையைத் தன் பாறைகளுக்கு வழக்கமாக்கவில்லை என்பது என் குறை. அது விரும்பியது டி2 நிறமாலையை, அதாவது எந்த டி2-வில் எவ்வளவு வீச்சு என்ற பரவலை. காரணம் புரிகிறது: இறுகிய பாறையில் குறிப்பலை ஒரு மில்லிவிநாடிக்குள் செத்துவிடுகிறது, அதற்குள் இடத்தைக் குறித்தெடுப்பது கடினம். ஆனால் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் பால்கம் குழு 1996-இல் அறிவித்த ஸ்பிரைட் முறை இத்தகைய குறுவாழ்வுக் குறிப்பலைகளுக்காகவே வந்தது. ஆகவே கடினம் என்பது முழுக் காரணம் ஆகாது.

நிறமாலையைக் கொண்டு அடிக்கடி நிறுவப்படும் முடிவு ஒன்று உண்டு: சிறிய துளைகள்தான் முதலில் நிரம்புகின்றன. உறிஞ்சலின்போது நேரத்துக்கு நேரம் எடுத்த நிறமாலைகளை அடுக்கி வைத்தால், குறுகிய டி2 முகடு முதலில் உயர்கிறது; நீண்ட டி2 பகுதி தாமதமாகவே வளர்கிறது. இது இயற்பியலோடு ஒத்துப்போகவும் செய்கிறது. தனித்தனிக் குழாய்களின் கட்டு என்று எடுத்துக்கொண்டால் வாஷ்பர்ன் சமன்பாட்டின்படி அகலக் குழாய்தான் முந்தும். ஏனெனில் இழுவிசை ஆரத்துக்கு எதிர்விகிதம், தடை ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். ஆனால் பாறையில் குழாய்கள் தனித்தனியாக இல்லை. பக்கவாட்டில் இணைந்திருக்கும்போது, அகலமானதில் வரும் நீரைக் குறுகலானது தன் வலிய இழுவையால் உறிஞ்சி முந்திவிடும். டாங் மிங்ஷே குழுவினர் 2005-ஐ ஒட்டி இந்த ஊடாடும் குழாய்க்கட்டு மாதிரியை விரித்து எழுதினார்கள். எனவே காந்தம் சொல்வதும் கோட்பாடு சொல்வதும் ஒன்றே என்று பலர் நிம்மதி அடைந்தார்கள்.

அந்த நிம்மதி அவசரமானது. டி2 அளப்பது துளையின் அளவை அன்று. நீரின் பருமனுக்கும் அது தொடும் சுவர்ப்பரப்புக்கும் உள்ள விகிதத்தை. துளை முழுவதும் நீர் நிறைந்திருந்தால்தான் இரண்டும் ஒன்று. உறிஞ்சல் நடக்கும்போது துளைகள் பாதி நிறைந்த நிலையில் இருப்பதே இயல்பு. நீர் முதலில் சுவரோரமாகப் படலமாகவும் மூலைகளில் இழையாகவும் பரவுகிறது, நடுவில் காற்று நிற்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையின் சுவரில் 20 நானோமீட்டர் படலம் படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே எடுத்த அதே தளர்வுத்திறனுக்கு அதன் டி2 2 மில்லிவிநாடி. துளை நிறைந்திருந்தால் 50 காட்டியிருக்கும். அந்த 2 மில்லிவிநாடியைச் சமன்பாட்டில் இட்டு ஆரமாக மாற்றினால் 40 நானோமீட்டர் துளை ஒன்று முழுமையாக நிரம்பிவிட்டதாக விடை வரும். நிரம்பவே தொடங்காத பெரிய துளையை நாம் நிரம்பி முடிந்த சிறிய துளையாகப் படித்துவிட்டோம். பிறகு படலம் தடித்துத் துளை நிறைந்ததும் டி2 நீளும்; அதை 'இப்போது பெரிய துளைகள் நிரம்புகின்றன' என்று எழுதுவோம். சிறியதே முந்துகிறது என்ற முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை. ஊடாடும் மாதிரியின் தர்க்கம் வலுவானதுதான். ஆனால் அந்த முடிவு உண்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறமாலை ஏறத்தாழ இதே தோற்றத்தைத் தரும். இரண்டு கருதுகோளுக்கும் ஒரே சாட்சியம் சொல்பவரைச் சாட்சியாக ஏற்பதில் பொருளில்லை.

எண்ணெய் நிறைந்த துண்டில், கனநீரை விட்டு எண்ணெயைப் பார்க்கும் சோதனைகளில் இந்தக் குழப்பம் குறைகிறது, மறைந்துவிடவில்லை. நீர் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை நடுவுக்குத் தள்ளினால், எண்ணெய் இனிச் சுவரைத் தொடாது; அதன் தளர்வு தனி எண்ணெயின் தளர்வை நோக்கி நீளும். அப்போது குறுகிய டி2 பகுதியில் வீச்சுக் குறைவதை 'சிறு துளைகளிலிருந்து எண்ணெய் வெளியேறியது' என்று படிப்பது வழக்கம். ஒரு பங்கு வெளியேறியிருக்கலாம். மற்றொரு பங்கு வெளியேறாமல் நிறமாலையில் இடம் மட்டும் மாறியிருக்கலாம். மொத்த வீச்சைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். பகுதி பகுதியாகப் பிரித்து, சிறு துளைகளில் இத்தனை விழுக்காடு மீட்பு, பெருந்துளைகளில் இத்தனை என்று அட்டவணை போடும்போதுதான் தவறு நேர்கிறது. பரப்புச்செயலி கலந்த நீரைச் சாதா நீரோடு ஒப்பிடும் ஆய்வுகளில் இது இன்னும் மோசம். பரப்புச்செயலியின் வேலையே சுவரின் தன்மையை மாற்றுவது. சுவர் மாறினால் எந்தத் திரவமும் இடம்பெயராமலே டி2 நகர்ந்துவிடும்.

வேறு இரு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று விரவல். சுவரின் வேகத்தைவிட மூலக்கூறின் உலாவல் வேகமாக இருந்தால்தான் டி2-க்கும் அளவுக்கும் நேர்த்தொடர்பு என்று பிரவுன்ஸ்டீனும் டாரும் 1979-இல் காட்டினர். இறுகிய பாறையில் இந்த நிபந்தனை தாராளமாக நிறைவேறுகிறது. ஆனால் அதே வேகம் மறுபக்கம் கடிக்கிறது. அறை வெப்பத்தில் நீர்மூலக்கூறு 50 மில்லிவிநாடியில் பத்து மைக்ரோமீட்டருக்கும் மேல் உலவும். ஒரு மைக்ரோமீட்டர் துளையில் இருந்த மூலக்கூறு அதற்குள் பல அண்டைத் துளைகளை எட்டிப்பார்த்திருக்கும். இடையில் குறுகிய கழுத்துகள் தடுப்பதால் முழுக்கலப்பு நேராது; ஆயினும் இணைப்பு நல்லதாக இருக்கும் பாறையில் நிறமாலை சராசரியை நோக்கிச் சுருங்கும். மற்றது கணிதம். எதிரொலித் தொடரிலிருந்து நிறமாலையைப் பெறுவது நிலையற்ற எதிர்க்கணக்கு. சிறிதளவு இரைச்சல் விடையைப் பெரிதாக மாற்றும். பட்லர், ரீட்ஸ், டாசன் 1981-இல் தந்த மென்மையாக்கும் உத்தி இல்லாமல் இன்றைய நிறமாலைகள் இல்லை. எவ்வளவு மென்மையாக்குவது என்பதோ ஆய்வாளர் கையில். குறிப்பலை பலவீனமான முதல் மணி நேரங்களில் அதிகம் மென்மையாக்க நேரிடும், பிறகு குறையும். ஆகவே முகடுகள் காலப்போக்கில் கூர்மையாவதில் பாறையின் பங்கு எவ்வளவு, கணக்கின் பங்கு எவ்வளவு என்று கேட்க இடமிருக்கிறது. எதிரொலிகளுக்கிடையே ஆய்வகக் கருவிகள் எடுக்கும் 0.1 அல்லது 0.2 மில்லிவிநாடி இடைவெளிக்குள் செத்துப்போகும் குறிப்பலை, களிமண்ணோடு பிணைந்த நீரும் கெரோஜன் என்ற கரிமத் திடப்பொருளும் உட்பட, கண்ணுக்கே படாது. குளோரைட் போன்ற இரும்புக் கனிமங்கள் நிறைந்த பாறையில் உள்ளகப் புலச்சரிவுகளும் சேர்ந்து டி2-வை மேலும் குறுக்கும்.

டி2-வை ஆரமாக மாற்றுவது பற்றிய இந்தக் குறைகளுக்கு வழக்கமான மறுமொழி, பாதரச ஊடுருவலோடு ஒப்பிட்டு அளவுதிருத்தம் செய்துகொள்கிறோம் என்பது. இரு வளைவுகளையும் பொருத்தித் தளர்வுத்திறனை எடுத்துவிட்டால் ஆரம் சரியாகிவிடும் அல்லவா? ஆகாது. அழுத்திச் செலுத்தும் பாதரசம் துளையின் கழுத்தில்தான் தடுக்கப்படுகிறது. அது தருவது கழுத்தின் அளவு. காந்தம் பார்ப்பது துளையின் வயிற்றை. இரண்டையும் வலிந்து பொருத்தினால், கழுத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள விகிதம் தளர்வுத்திறன் என்ற எண்ணுக்குள் மறைந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அது சுவரின் பண்பாக இருக்காது. இதில் பலர் கவனிக்காத ஒன்று காந்தத்துக்குச் சாதகமானது. உறிஞ்சலில் நீருக்குக் கழுத்து தடையில்லை, அது தானாகவே இழுக்கும். விரிந்த வயிற்றில்தான் இழுவை குறைந்து நீர் தயங்குகிறது. ஆக, உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பாதரசத்தைவிடக் காந்தம்தான் நெருங்கியது. அந்த நன்மையைப் பாதரசத்தோடு பொருத்தி நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

மாதிரி குறிப்பலையைக் கணிக்க வேண்டும் என்று நான் சொல்வதன் பொருள் இனித் தெளிவாகும். உறிஞ்சல் மாதிரி ஒவ்வொரு நேரத்திலும் ஒவ்வோர் ஆழத்திலும் எவ்வளவு நீர், அதில் எவ்வளவு படலமாக, எவ்வளவு முழுத்துளையாக என்று சொல்லட்டும். அதிலிருந்து எதிரொலித் தொடரைக் கணக்கிடுவது நேர்க்கணக்கு. அதற்கு மென்மையாக்கல் வேண்டாம், முகடுகளை எண்ண வேண்டாம். கணக்கிட்ட தொடரை அளந்த தொடரோடு நேரடியாக ஒப்பிடலாம். இதற்கும் தளர்வுத்திறன் வேண்டுமே என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் அது இப்போது எல்லா நேரங்களுக்கும் எல்லா ஆழங்களுக்கும் பொதுவான ஒரே அறியா எண். முழுதும் நிறைந்த நிலையின் அளவீடு அதைக் கட்டுப்படுத்துகிறது. அதன் ஐயம் முடிவின் ஐயத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆரமாக மாற்றிவிட்ட பிறகு அந்த ஐயம் எங்கும் தெரிவதில்லை.

இப்படிச் செய்தால் முன்பு பிரிக்க முடியாதிருந்த விளக்கங்கள் பிரியத் தொடங்கும். சரிவு குறையக் காரணம் பாதைகளின் வளைவு மட்டும் என்றால், நீரின் முகப்பு தெளிவாகவே இருக்கும்; தொலைவை நேரத்தின் அந்தக் குறைந்த அடுக்கால் வகுத்தால் எல்லாக் கோடுகளும் ஒன்றாகப் படியும். இணைப்புக் குறைவுதான் காரணம் என்றால் மேற்பரப்பை ஒட்டி நீர் நிறைந்தும் உள்ளே போகப்போகக் குறைந்தும் இருக்கும்; எவ்வளவு காத்திருந்தாலும் உட்புறத்தில் நிரம்பாத இடம் எஞ்சும். களிமண் வீக்கம் என்றால் முகப்பு கடந்துபோன இடங்களிலும் குறுகிய டி2 வீச்சு விடாமல் ஏறும். இறுதியில் மொத்த நீர், ஹீலியத்தால் அளந்த தொடக்கத் துளைப்பருமனையே தாண்டக்கூடும். நனையும் தன்மை மெல்ல மாறுவது காரணமானால் தொடக்கம் மந்தமாக இருந்து பின்னர் வேகம் பிடிக்கும். தராசின் ஒற்றைக் கோட்டில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். காந்தத்தின் உண்மையான வலிமை மாதிரிகளைக் கழித்துக்கட்டுவதில் இருக்கிறது. அதைத்தான் நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறோம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஆய்வகத்தில் காந்தத்துக்குள் வைத்த பாறை நிலத்தடியில் இருந்த பாறையே அன்று. சோதனைக்கு முன் அதை 105 டிகிரியில் உலர்த்துகிறார்கள். களிமண்ணின் நீர் போய்விடுகிறது, நுண்விரிசல்கள் விழுகின்றன, பிறகு அது தாகமாய்க் குடிப்பதில் வியப்பென்ன? நிலத்தடியில் துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் இருக்கிறது, மேலே மலையளவு பாரம் அழுத்துகிறது, சுவரில் எண்ணெயின் கனமான கூறுகள் பூசியிருக்கின்றன. ஷேலில் கெரோஜன் துளைகள் எண்ணெயையும் கனிமத் துளைகள் நீரையும் விரும்பலாம். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் தெஹ்கான்பூர் குழுவினர் ஹார்ன் ரிவர் ஷேல் துண்டுகளை ஆராய்ந்தபோது, மேற்பரப்பில் எண்ணெய் முழுதும் படர்ந்து நனைத்தது. உள்ளே குடித்ததிலோ நீரே முந்தியது. வெளியே இட்ட துளியின் தொடுகோணத்தைக் கொண்டு உள்ளே நடப்பதைக் கணிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது சான்று. விரிசலால் சூழப்பட்ட பாறையில் நீர் புகும் முகம் வழியாகவே எண்ணெயும் வர வேண்டும். எதிரெதிர் ஓட்டத்தில் இரு திரவங்களும் ஒன்றையொன்று இழுத்துத் தடுப்பதால், சார்பு ஊடுருவுதிறன் ஒருதிசை ஓட்டத்தைவிட முப்பது விழுக்காடு குறைவு என்று பூர்பியோவும் கலாய்ஜியனும் 1990-இல் அளந்தார்கள். இந்த மறுப்புகளை நான் ஏற்கிறேன். ஆனால் இவை சோதனையின் ஆயத்தத்தைக் குறை சொல்கின்றன, கருவியை அன்று. உலர்த்தாத, தொடக்க நீரோடு கூடிய துண்டை எடைமுறையில் ஆராய்வது ஏறக்குறைய இயலாது; கனநீரோடு காந்தத்தில் ஆராய இயலும்.

ஆய்வகத்திலிருந்து கிணற்றுக்குப் போகும் கணக்கில்தான் இவை அனைத்தின் விலையும் தெரிகிறது. மேட்டாக்ஸ், கைட் இருவரும் 1962-இல் தந்த அளவீட்டு விதியும், மா, மாரோ, ஜாங் 1997-இல் அதைத் திருத்திய வடிவமும் சொல்வது, உறிஞ்சும் காலம் பாறைக்கட்டியின் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை. 2.5 சென்டிமீட்டர் துண்டு பத்து நாளில் முடித்ததை, அதே பாறையின் 2.5 மீட்டர் கட்டி முடிக்க ஒரு லட்சம் நாள் ஆகும். அதாவது 270 ஆண்டுக்கு மேல். வட கடலின் எகோஃபிஸ்க் சுண்ணக்கட்டிப் பாறையில் 1987 முதல் பெரிய அளவில் நீர் செலுத்தி வெற்றி கண்டதற்கு, பாறையின் தாகத்தோடு அங்கே விரிசல்கள் நெருக்கமாக இருந்ததும் காரணம். ஸ்பிராபெரியில் அதே யோசனை எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. வர்க்கத்துக்குப் பதில் வேறு அடுக்கு வந்தால் கணக்கு இன்னும் கடுமையாக மாறும். சரிவு 0.5 என்றால் நூறு மடங்கு தொலைவுக்குப் பத்தாயிரம் மடங்கு நேரம், சரிவு 0.25 என்றால் பத்துக் கோடி மடங்கு. ஆகவே சரிவு ஏன் குறைந்தது என்பது ஏட்டளவு விவாதமன்று. வளைவுதான் காரணம் என்றால் நீர் தாமதமாகவேனும் கட்டியின் நடுவை எட்டும். இணைப்புக் குறைவு என்றால் ஒருபோதும் எட்டாது, காத்திருப்பது வீண்.

கிணற்றை மூடிவைக்கும் நாள்களைத் தீர்மானிக்க இன்று பலர் பயன்படுத்துவது, ஆய்வகத் துண்டில் நிறமாலை மாறாமல் நின்றுவிடும் நேரத்தை நீள வர்க்கத்தால் பெருக்கி வரும் எண்ணை. மாற்றம் நின்றதற்குக் காரணம் துண்டு நிரம்பிவிட்டதா, மேற்பரப்போரம் நிரம்பி உட்புறம் எட்டாமல் போனதா என்பதை அந்த நிறமாலை சொல்லாது. அதே நாளில், அதே காந்தத்தில், சில மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டு எடுக்கும் ஓர் ஆழவாரிக் கோடு சொல்லிவிடும். முதல் நிலையில் பெருக்கலுக்கு ஒரு பொருள் உண்டு. இரண்டாம் நிலையில் கணக்கில் சேர வேண்டியது கட்டியின் நீளமே அன்று. விரிசல்களின் மொத்தப் பரப்பும், அதையொட்டி நீர் எட்டும் சில மில்லிமீட்டர் தோலின் தடிமனும்தான்.